மேட்டு லயத்தில் நான் சொன்ன ‘பார்ப்போம்’

பிரதேச சபைக்குப் புதிதாகத் தெரிவான உங்களில் மூன்று பேர் போன வாரம் எங்கள் கடைக்கு வந்திருந்தீர்கள். மாகாண சபையில் ஒரு தவணை இருந்தவன் என்பதால் என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னீர்கள். கடையில் கூட்டம், பேச முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் தலையாட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. அரசியல்வாதி சொல்வதை நம்பாதது நல்ல பழக்கம். நீங்களே அரசியல்வாதி ஆன பிறகும் அதை விட்டுவிட வேண்டாம்.

பிரேரணையை எப்படிக் கொண்டுவருவது, யார் வழிமொழிவது, எப்போது வெளிநடப்புச் செய்வது, வெளிநடப்புச் செய்துவிட்டு எந்த வாசலால் திரும்பி வந்து தேநீர் குடிப்பது என்பதையெல்லாம் மூன்றாம் கூட்டத்திலேயே கற்றுக்கொண்டுவிடுவீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் பன்னிரண்டு குடும்பங்களை மண்ணுக்குள் அனுப்பப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்கிறவர்களை நீங்கள் எளிதாக அடையாளம் கண்டுகொள்வீர்கள், அதனால் அவர்களைப் பற்றி எழுத அவசியமில்லை.

சபைக்குப் போவதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் பதுளை பஜாரில் கூரைத் தகரமும் சீமெந்தும் ஆணியும் விற்றேன். இப்போது கடையை மகள் பார்க்கிறாள். நான் மூலையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறேன், யாராவது தகரத்தைத் தட்டிப் பார்த்தால் தலையை மட்டும் நிமிர்த்துவேன்.

கடைக்காரனுக்குப் பல சொற்கள் வேண்டியதில்லை. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் வருவார். பத்துத் தகரம் வாங்குவார். பிறகு மெதுவாக, “மொதலாளி, ஒங்க லொறியிலயே ஏத்தி லயத்து வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுருவீங்களா?” என்று கேட்பார். அந்தத் தோட்டத்து ரோட்டில் என் லொறி ஏறினால் முழுசாகத் திரும்பி வராது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் அவர் மனம் நோகும், அடுத்த தடவை எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆகவே “பார்ப்போம்” என்பேன். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய் ஒரு ட்ரக்டரைப் பிடிப்பார். இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். பஜாரில் ‘பார்ப்போம்’ என்றால் ‘முடியாது’ என்று அர்த்தம். அதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

முகம் தெரிந்தவன் என்பதால் ஒரு கட்சி கூப்பிட்டது. நான் போனேன். என் மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எதைக் குறிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன்.

வியாபாரி அரசியலுக்கு வந்தால் எல்லாம் சட்டென்று நடக்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள். வியாபாரியும் அப்படித்தான் நினைக்கிறான். கடையில் ஒரு தகரம் ஓட்டையாக இருந்தால் எடுத்து மாற்றிக் கொடுத்துவிடலாம். சபையில் ஒரு பாலம் ஓட்டையாக இருந்தால் முதலில் அது யாருடைய பாலம் என்று கண்டுபிடிக்க வேண்டும். என் காலத்தில் அப்படி ஒரு சின்னப் பாலம் இருந்தது. மாகாண சபை அதைப் பிரதேச சபையுடையது என்றது. பிரதேச சபை தோட்டத்துடையது என்றது. தோட்டம் அரசாங்கத்துடையது என்றது. தண்ணீர் மட்டும் யாரையும் கேட்காமல் அதன் கீழே போய்க்கொண்டிருந்தது.

சபையில் நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர். பதில் சொல்ல வேண்டியவர் எழுந்து, முகத்தில் அவ்வளவு பரிவோடு, சிங்களத்தில் “பலமு” என்றார். எங்கள் ‘பார்ப்போம்’தான் அது, அப்படியே அதே அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் வரமாட்டார் என்று அந்த நிமிடமே புரிந்தது. கூடவே, இந்த இடமும் பஜார்தான், இங்கே என் பாஷையைத்தான் பேசுகிறார்கள் என்று ஒரு தைரியமும் வந்தது. அந்தத் தைரியம்தான் பிறகு வினையாகிவிட்டது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் வெலிமடைக்காரர் ஒருவர் இருந்தார். உருளைக்கிழங்கும் லீக்ஸும் லொறி லொறியாகக் கொழும்புக்கு அனுப்பியவர். வயதில் எனக்கு இளையவர், சபையில் எனக்குப் பழையவர். மூட்டை தூக்குகிறவர்களிடம் பழகிய தமிழ் நன்றாகப் பேசுவார். என்னை முதலாளி என்பார், நானும் அவரை முதலாளி என்பேன். நான் சிரித்ததைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்: “முதலாளி, இந்த வேலையில இல்லன்னு மட்டும் சொல்ல வாணாம். இல்லன்னா ஒரு ஓட்டு போச்சி. பார்ப்போம்ன்னா ஒண்ணும் போகாது. அவங்களும் சந்தோசமா போவாங்க, நாமளும் சந்தோசமா வரலாம்.”

நல்ல மனிதர், எனக்கு எத்தனையோ விஷயங்களில் உதவியவர். அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. போகிற இடமெல்லாம் பார்ப்போம் என்றேன், போகிற இடமெல்லாம் மாலை போட்டார்கள்.

இதோடு எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் ஒன்று கிடக்கும். கூரையையோ சுவரையோ பார்த்தால் கை தானாக அதை எடுத்துவிடும். எதற்கு அளக்கிறேன் என்று கேட்டால் பதில் கிடையாது.

மேட்டு லயத்துக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு கோயில் திருவிழா நாளில். பசறைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் நூற்றைம்பது படி ஏறினால் அந்த லயம், தொழிலாளர் குடியிருப்பு. வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை, காம்பராவுக்கு ஒரு குடும்பம். முதுகுப் பக்கம் செங்குத்தாகத் தேயிலை மலை. மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. மூன்றாம் காம்பராவின் பின் சுவரிலும் ஒரு வெடிப்பு, கூரையிலிருந்து நிலம் வரைக்கும்.

அந்தக் காம்பராவில் இருந்தவர் புஷ்பராணி. கொழுந்து எடுக்கிற பெண், நாற்பது வயது இருக்கும். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளும், காலில் பிடிப்பு வந்து நடக்க முடியாத மாமியாரும். அவர் எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வெடிப்பைக் காட்டினார்.

“மழ காலத்துல பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு சொல்றாங்க மொதலாளி. போறோம், வாறோம். நமக்குன்னு தனி வீடு கட்டிக் குடுக்கிற லிஸ்ட்டு ஒண்ணு போகுதாமே. எங்க லயத்தயும் அதுல சேத்து விடுவீங்களா?”

தோட்டத்து நிலத்தில் ஓர் ஆணி அடிக்கக்கூட மாகாண சபைக்கு அதிகாரம் கிடையாது. அந்த லிஸ்ட்டு கொழும்பில் வேறொருவர் மேசையில் இருந்தது, அவர் என் கட்சியும் இல்லை. முடியாது என்று எனக்குத் தெரியும். கையில் அவர் கொடுத்த தேநீர் இருந்தது.

“பார்ப்போம்” என்றேன்.

சொல்லிவிட்டு டேப்பை எடுத்து வெடிப்பின் அகலத்தை அளந்தேன். கை சும்மா இருக்கவில்லை, காம்பராவின் நீளத்தையும் அளந்தேன். ஒரு பெரியவர் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். லயத்து ஆட்கள் எல்லாரும் இஸ்தோப்பில், அதுதான் அந்த முன் தாழ்வாரத்தில், வரிசையாக நின்று பார்த்தார்கள்.

நான் படியிறங்கிப் போன பிறகு நடந்ததைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். நான் சொன்னது ‘பார்ப்போம்’. ஆறாம் காம்பராவுக்குப் போகும்போது அது ‘மொதலாளி பாக்குறேன்னு சொன்னாரு’ ஆகியிருந்தது. ஒன்பதாம் காம்பராவில் ‘பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு’. பன்னிரண்டாம் காம்பராவில் புது வீட்டின் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று பேச்சு நடந்திருக்கிறது. அளந்துவிட்டு வேறு போயிருக்கிறேன்.

அவர்கள் மேல் குற்றம் இல்லை. தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போய் நின்றால் தோட்டத்தை நடத்துகிற தொரை இன்றைக்கு வேலை உண்டு என்பார், அல்லது இல்லை, போ என்பார். பார்ப்போம் என்று எந்தத் தொரையும் சொன்னதில்லை. பஜாரில் மட்டும் செல்லுபடியாகிற சொல்லை நான் நூற்றைம்பது படி தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் அதை அவர்களுக்குத் தெரிந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அதை மறந்துவிட்டேன். இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

அந்த வருடக் கார்த்திகை மழை வழக்கம்போலத் தொடங்கி வழக்கம்போல நிற்கவில்லை. நான்காம் நாள் காலையில் கடையில் இருக்கும்போது போன் வந்தது. சிங்களத்தில் பேசியவர் அந்தப் பகுதிக் கிராம சேவகர், ஒரு சிங்களப் பெண். மண்சரிவைப் பார்க்கிற அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கே லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மேலே ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதாம். பொலிஸ்காரரும் போய்ச் சொல்லியாகிவிட்டது, தொரையும் வந்து கத்தியாகிவிட்டது. யாரும் அசையவில்லை.

“ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“சேர், நீங்கள் வீடு தருவதாகச் சொன்னீர்களாம்” என்றார் அவர். “அளந்தும் விட்டீர்களாம்.”

மகளிடம் கடையை விட்டுவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எந்தத் தோட்டத்து ரோட்டில் ஏற மாட்டேன் என்று இருபது வருடம் சொன்னேனோ அதே மாதிரி ரோட்டில்தான் அன்று ஏறினேன். வழியில் வெலிமடைக்காரர் ஏதோ கூட்ட விஷயமாகப் போன் எடுத்தார். நிலைமையைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஆமான்னு சொல்லிடுங்க முதலாளி. லிஸ்ட்டுல பேர் இருக்கு, வீடு வருது, இப்ப கீழ இறங்குங்கன்னு சொல்லுங்க. இறங்கிடுவாங்க. உசுரு முக்கியம். மிச்சத்த பொறகு சொல்லிக்கலாம்.”

நியாயமான பேச்சு. இன்றைக்கும் அதில் பெரிய பிழை தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், தொழிற்சாலைக்குப் பின்னால் லொறியை நிறுத்திவிட்டு நூற்றைம்பது படி ஏறும்போது பொய் சொல்லும் முடிவோடுதான் ஏறினேன். எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்றுகூட மனதில் தயார் செய்துவிட்டேன். படியெல்லாம் சேற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

மேலே எல்லாரும் இஸ்தோப்பில் நின்றார்கள். கிராம சேவகர் குடையோடு ஒரு பக்கம், பொலிஸ்காரர் ஒரு பக்கம். புஷ்பராணிதான் முன்னால் வந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

“மொதலாளி வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சு. எங்க பேரு லிஸ்ட்டுல இருக்குன்னு இவங்க எதிருக்க ஒரு வார்த்த சொல்லிருங்க. சொன்னீங்கன்னா புள்ளைங்கள இப்பவே கீழ அனுப்பிருவோம்.”

தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் ‘புள்ளைங்கள’ என்ற சொல் எங்கேயோ இடறியது.

“புள்ளைங்கள மட்டுமா? நீங்கல்லாம்?”

“காம்பராவுக்கு ஒரு ஆளு இருக்கணுமில்லீங்களா. காலியாக் கெடந்தா தோட்டத்துல பூட்டுப் போட்டுருவாங்க. பூட்டுப் போட்டா லயத்துல ஆளில்லன்னு எங்க பேர வெட்டிருவாங்க. வீடு வரப் போற நேரத்துல விட்டுட்டுப் போக முடியுங்களா? எங்க காம்பராவுக்கு அத்த இருக்கேன்னு சொல்லிட்டாங்க. அவங்களால நடக்கவும் முடியாது.”

அவருடைய மாமியார் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு துவாய். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் மற்றக் காம்பராக்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் போகிற தோரணையே இல்லாமல் நின்றார். ஒரு தகப்பன், ஒரு அண்ணன், ஒரு விதவை அத்தை. பன்னிரண்டு வாசலுக்குப் பன்னிரண்டு பேர். ஏற்கெனவே பேசி முடிவு செய்துவிட்டிருக்கிறார்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். நான் ஆமாம் என்று சொன்னால் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள், ஆனால் வீடு வரும் என்று நம்பி வாசலுக்கு ஒருவர் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அதிகாரி சொன்னாலும் போகமாட்டார்கள், பொலிஸ் இழுத்தால் பின்பக்கமாக ஏறி வந்துவிடுவார்கள். மறுபடியும் பார்ப்போம் என்று சொன்னால் நிலைமை அப்படியே இருக்கும். காக்கிறதுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் லயம் முழுசாகக் காலியாகும். அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். ஏனென்றால் இருக்கிறது என்று நம்ப வைத்தவன் நான்தான்.

இதையெல்லாம் நான் ஆற அமர யோசித்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. வியாபாரத்தில் சில சமயம் சரக்கு வராது என்பதை வாங்கவந்தவரிடம் உடைத்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் பழைய கூரையைப் பிரித்துவிட்டு மழையில் நிற்பார். அந்தப் புத்தியைத்தான் இரண்டு வருடம் வீட்டில் வைத்துவிட்டுச் சபைக்குப் போய் வந்திருக்கிறேன்.

“புஷ்பராணி,” என்றேன், “லிஸ்ட்டுல ஒங்க பேரு இல்ல. வீடு வராது.”

அவர் திரும்பி வாசற்படியில் இருந்த மாமியாரைப் பார்த்தார்.

“நீங்க கேட்டீங்க. நான் யார்கிட்டயும் கேக்கல. பார்ப்போம்னு சொன்னேன், எங்க கடையில அதுக்கு அர்த்தம் முடியாதுங்கிறது. அன்னைக்கே முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். இந்தக் காம்பராவ காத்துக்கிட்டு இருந்தாலும் ஒண்ணும் வராது, விட்டுட்டுப் போனாலும் ஒண்ணும் போகாது.”

டேப்பின் மறுமுனையைப் பிடித்த பெரியவர் பின்னாலிருந்து கேட்டார்.

“அப்ப அளந்தீங்களே?”

“சும்மா அளந்தேங்க.”

நான் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றைச் சொல்லவும் அந்த ‘சும்மா’ அளவுக்குக் கஷ்டப்பட்டதில்லை. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. கிராம சேவகர் தன் குடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாது என்று நினைத்திருந்தேன், அவருக்கு நன்றாகவே தெரியும் போலிருக்கிறது.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். என்னைப் பற்றி, என் கடையைப் பற்றி, என் பிறப்பைப் பற்றி. ஒருவர் சேற்றை அள்ளி என் சட்டையில் எறிந்தார். பொலிஸ்காரர் முன்னால் வரப் பார்த்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. ஆனால் சட்டையில் சேறு விழுந்ததும் மனதில் ஒரு நம்பிக்கை வந்தது, ஏனென்றால் அப்போதுதான் அவர்கள் நான் சொன்னதை நம்பிவிட்டார்கள் என்று தெரிந்தது.

சத்தத்தை நிறுத்தியவர் அந்த மாமியார்தான்.

“வீடும் இல்ல, ஒண்ணும் இல்லயா?” என்று கேட்டார்.

“இல்லீங்கம்மா.”

“அப்ப நான் என்னத்துக்கு இங்க குந்திக்கிட்டு இருக்கேன்? ஏண்டி புஷ்பராணி, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற. தூக்குங்கடி என்னய.”

நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். அவர் போவதைப் பார்த்துப் பன்னிரண்டாம் காம்பரா விதவை அத்தை இறங்கினார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சாமி படங்கள், அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பைகள், ஒரு தையல் மெஷின். கீழே என் லொறி நின்றது. அதில் ஏறச் சொன்னேன். ஒருவரும் ஏறவில்லை, பள்ளிக்கூடம் வரைக்கும் மழையில் நடந்தே போனார்கள். ஆடுகளை மட்டும் ஏற்றிவிட்டார்கள். ஆடுகளை ஏற்றிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிப் போனேன். ஒரு மாகாண சபை உறுப்பினர் இதைவிட மரியாதையாக ஊர்வலம் போனதுண்டு.

மறுநாள் காலை பத்து மணித் தேநீர் நேரத்தில் மலை இறங்கியது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டதாம்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஏழு வரை காம்பராக்கள் இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் நின்றன. மேலே இருந்த மலை அப்படியே வழுக்கி வந்து உட்கார்ந்திருந்தது. சில செடிகளில் பறிக்காத கொழுந்துகூட இருந்தது. புஷ்பராணியின் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வாசற்படி எங்கே என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஆறுதலில் அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த இஸ்தோப்பில் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் மழை பெய்தால் நினைக்கிறேன்.

வெலிமடைக்காரரிடம் சொன்னேன். கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு, “நல்ல வேல செஞ்சீங்க முதலாளி. நான் சொன்னது பிழ” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா ஓட்டு போச்சி” என்றும் சொன்னார். அவர் இரண்டு விஷயத்திலும் சரி.

அதன் பிறகு நான் உண்மையிலேயே கேட்டேன். சபையில் கேட்டேன், கொழும்புக்குப் போய்க் கேட்டேன், கேட்கவே பிடிக்காதவர்களிடமும் கேட்டேன். என் தவணைக்குள் கிடைக்கவில்லை. மேட்டு லயத்து ஆட்கள் பள்ளிக்கூட மண்டபத்திலும், பிறகு தகரக் கொட்டகையிலுமாகக் காலத்தைத் தள்ளினார்கள். கொட்டகைக்குக் கூரைத் தகரம் என் கடையிலிருந்து போனது. ஒரு தடவை அங்கே போனபோது தேநீர் கொடுத்தார்கள், ஆனால் யாரும் எதையும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் தேநீர் மட்டும் கொடுப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கு ஒரு நாள் தெரியவரும்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். தேநீர் வருவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள், கையில் கோப்பை வந்த பிறகு நாக்கு எழாது. ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், இரண்டாவது வாக்கியத்தில்தான் பொய் நுழையும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எந்த நாள் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டு, அந்த நாளில் போய் நில்லுங்கள். பையில் அளவு டேப் வைத்திருப்பவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இப்படி நடந்தால் மக்கள் உங்களைக் கொண்டாடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தேர்தலில் நின்றேன், தோற்றேன். முடிவு வந்து இரண்டு நாளில் கடையைத் திறந்தேன். பஜாரில் எல்லாரும் துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் புஷ்பராணி வந்தார். பசறை பஸ்ஸில் வந்திருக்கிறார், கையில் ஒரு குடை மட்டும். ஏதும் வாங்க வரவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மொதலாளி, எங்க லயத்து ஆளுங்க ஒங்களுக்குப் போடலீங்க. வேற யாராச்சும் வந்து சொல்லி நீங்க கேக்குறதவிட நானே சொல்லிரலாம்னு வந்தேன்.”

“பரவாயில்ல” என்றேன். “எத்தன பேரு போடல?”

“எல்லாருந்தாங்க. ஒருத்தர் விடாமப் போயி அடுத்த ஆளுக்குப் போட்டோம். காலையிலேயே லைன்ல நின்னுட்டோம்.”

“ஒங்க அத்தையுமா?”

“அவங்கதாங்க மொத ஆளு. ஆட்டோ வச்சிக் கூட்டிட்டுப் போனோம். வேணாம், கஷ்டப்படாதீங்கன்னு சொன்னா கேக்கல.”

பன்னிரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் நடந்தும், ஆட்டோவிலும், ஒருவர் குறையாமல் வந்து எனக்கு எதிராக வரிசையில் நின்றிருக்கிறார்கள். அவருக்குத் தேநீர் வரவழைத்தேன். குடித்துவிட்டு, போய்ட்டு வாறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தேர்தலில் தோற்றவன் கடை வாசலில் நின்று சிரித்தால் பஜாரில் வேறு மாதிரிப் பேசுவார்கள்.